ஒரு மைக்குழாயைத் தேடி

யாழ்ப்பாணத்து மரபில் அந்தியேட்டியன்று கல்வெட்டு வெளியிடுவர். மறைந்தவரின் வாழ்க்கை வரலாறும் புலம்பற் பாக்களும் கொண்ட அச்சிறு நூலை ஊரிலுள்ள புலவரோ தமிழாசிரியரோ எழுதிக் கொடுப்பதே வழக்கம். அவனுடைய அப்பம்மா மறைந்தபோதும் எழுதவல்லார் சிலர் முன்வந்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பப்பா அதற்கு இசையவில்லை. தாமே எழுதுவதாகக் கூறினார். ஆயினும் எழுதினாரல்லர். பத்து நாள் கழிந்தபின் அலுமாரியிலிருந்து ஒரு பேனையை எடுத்துப் பேரனிடம் நீட்டினார்.

"இதுக்கு மைக்குழாய் வாங்கிக்கொண்டு வா தம்பி."

அது 1967 இல் அவர் கொழும்பில் வாங்கிய பார்க்கர் 45. அந்நிறுவனம் 1960 இல் வெளியிட்ட இவ்வூற்றுப்பேனை, மை அடைத்த பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி எழுதுவதற்கென அமைந்தது. மைக்கூட்டிலிருந்து உறிஞ்சும் கருவியொன்றையும் அதிற் பொருத்தலாம். அது அவரிடம் இருக்கவில்லை. கையில் மை படாதிருக்கச் செய்த வசதி, குழாய் கிடையாத ஊரில் எத்துணைப் பெரிய வசதியீனமாகி விடுகின்றது!

அவன் நகரிற் கடை கடையாக ஏறி இறங்கினான். கிடைத்தவை குறுங்குழாய்கள்; அவற்றின் வாய் பார்க்கர் பேனைக்குப் பொருந்தாது. குமிழ்முனைப் பேனையாயின் இவ்விடர் நேர்ந்திராது. 1954 இல் வெளிவந்த பார்க்கர் ஜொட்டருக்கு இன்று விற்கும் றீபிலும் பொருந்தும். அதன் வடிவைப் பிற உற்பத்தியாளர் பலரும் மேற்கொண்டமையால் அது சர்வதேச நியமமாகவே ஆயிற்று. மைக்குழாய்க்கோ அவ்வாறு ஒரே அளவு வாய்க்கவில்லை. பார்க்கருக்குரிய குழாய் இன்றும் உற்பத்தியாகின்றது. அவன் ஏறிய கடைகளில் மட்டும் அது இல்லை.

வெறுங்கையுடன் மீண்டவன், "வேறை பேனையாலை எழுதுங்கோவன் அப்பப்பா" என்றான். அவன் அறியாதது ஒன்றிருந்தது.

"ஹற்றனிலை படிப்பிச்ச காலத்திலை அவளுக்கு எழுதின கடிதமெல்லாம் இதாலைதான்" என்றார் அவர்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது பேனை அவர் சட்டைப்பையில் இருந்தது. கடிதங்கள் றங்குப்பெட்டியில் இருந்தன. மறு ஆண்டு திரும்பி வந்தபோது பெட்டியைக் காணவில்லை. அதன்பின் அப்பேனையால் அவர் எழுதவுமில்லை.

சிறிதுநேரம் பேசாதிருந்தவர், "ஊசி போடுற சிறிஞ்ச் ஒண்டும் ஒரு போத்தல் மையும் வாங்கிக்கொண்டு வா" என்றார். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த காலத்தில் அவர் கையாண்ட வழி அது. பழைய குழாய் பேனைக்குள்ளேயே இருந்தது. நிப் பகுதியைத் திருகிக் கழற்றிக் குழாயுடன் கிண்ணத்துத் தண்ணீரில் இட்டனர். சுடுநீர் ஆகாது, ஸ்பிரிட்டும் ஆகாது, இரண்டும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்று அவர் இருமுறை எச்சரித்தார். விடிந்தபோது நீர் நீலமாயிருந்தது. இடப்பெயர்வுக்கு முன் நிரப்பிய மை அது. அந்நீரைக் கொட்டுவதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. அவரே எழுந்து சென்று செவ்வரத்தைக்கு ஊற்றினார். இரண்டாம் நாளும் ஊறவிட்டபின் நீர் தெளிந்தது.

ஊசிமுனையைக் குழாயின் வாய்க்குள் விட்டு மையை நிரப்பியவன் அவன். அவருடைய கை நடுங்கிற்று. ஆனால் எழுதத் தொடங்கியதும் அந்நடுக்கம் அத்துணை தெரியவில்லை. அச்சகத்தார் கேட்டது இரண்டு பக்கம். அன்றிரவு பதினொரு மணிவரை வாசலில் நின்றவன், எழுதிய தாள்களை எண்ணினான், ஒன்பது இருந்தன. அப்பம்மா ஹற்றனுக்கு முதன்முதலாக ரயிலேறிய நாளைக்கூட அவர் இன்னும் தாண்டவில்லை.

அவர் தலை நிமிராமலே குழாயைக் கழற்றி நீட்டினார்.

"மை காணாது தம்பி. இன்னொருக்கா நிரப்பு."