ஐயம் தெளியும் வழி

நுழையும்முன்

ஒரு கூற்று மெய்யா பொய்யா என்பதை எவ்வாறு அறிவது? சொன்னவர் பெரியவர் என்பதாலோ, பலரும் நம்புகின்றனர் என்பதாலோ ஒன்று மெய்யாகிவிடாது. சோதனை, புள்ளியியல், பாவனையாக்கம் ஆகிய மூன்றும் ஐயத்தைத் தெளிவாக்க ஆய்வுலகம் கைக்கொண்ட கருவிகள். மருத்துவம் முதல் மொழியாய்வு வரை அவை பயன்படும் முறையைத் தமிழ் மண்ணில் நிகழ்ந்த ஆய்வுகளின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் புறநகர்த் தொடர்வண்டி அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் முதலிய ஊர்களைக் கடந்து திருவள்ளூரை அடைகிறது. இன்று பட்டாபிராமில் டைடல் பூங்கா வானுயர நிற்கிறது. நாள்தோறும் அதனைக் கடந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் மாணவர் பலர். உலகின் மிகப்பெரிய தடுப்பூசிச் சோதனைகளுள் ஒன்று தம் ஊர் அன்று அடங்கியிருந்த மாவட்டத்திலேயே நடந்தது என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே. திருவள்ளூர் தனி மாவட்டமாகும் முன்னர் இவ்வூர்கள் அனைத்தும் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தின் பெயராலேயே அச்சோதனை இன்றும் மருத்துவ நூல்களில் குறிக்கப்படுகிறது.

மேடையில் தீராத வழக்கு

காசநோய் ஒரு காலத்தில் குடும்பங்களை நிலைகுலையச் செய்த கொடுநோய். அதனைத் தடுக்கப் பிரான்சு நாட்டு அறிஞர்களான கால்மெட், குவெரின் இருவரும் உருவாக்கிய பி.சி.ஜி. தடுப்பு மருந்து 1921இல் முதன்முதலாக மனிதருக்கு வழங்கப்பட்டது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டு சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் இம்மருந்தைத் தயாரிக்கும் ஆய்வகம் அமைந்தது. நாடெங்கும் ஊசி போடும் பணி விரைந்தது.

அப்போது எதிர்ப்புக் குரலும் எழுந்தது. மூதறிஞர் இராஜாஜி 1955இல் இத்திட்டத்தை எதிர்த்துச் சிறுநூல் ஒன்றே வெளியிட்டார். அரசும் மருத்துவர்களும் மறுமொழி கூறினர். இரு தரப்பிலும் கற்றறிந்தோர் இருந்தனர். இரு தரப்பிலும் நாட்டு நலனில் அக்கறை இருந்தது. அயல்நாட்டுச் சான்றுகளோ ஒன்றுக்கொன்று முரணாக நின்றன. பிரிட்டனில் இம்மருந்து பெரும் பாதுகாப்பு அளித்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்த சோதனையிலோ மிகச் சிறிதே பயன் தெரிந்தது. நம் மண்ணில் எது மெய்? சொல்வன்மையால் தீர்க்க இயலாத வழக்கு இது.

வீடா, மருத்துவமனையா?

காசநோயைப் பற்றிய வேறொரு வினாவுக்குச் சோதனையின் வழியே விடை காணும் முயற்சி சென்னையில் அப்போதே தொடங்கிவிட்டது. காசநோயாளியை மருத்துவமனையில் சேர்த்து, ஓய்வும் பாலும் முட்டையும் தந்தால்தான் குணமாகும் என்று மருத்துவ உலகம் நம்பிவந்த காலம் அது. நோயாளிகள் பல இலட்சம். படுக்கைகளோ மிகச் சில. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இந்நம்பிக்கையைச் சோதிக்கத் துணிந்தது. ஏழை நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருத்துவமனையிலும், மறு பிரிவினர் தம் நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியும் ஓராண்டு மருந்து உட்கொண்டனர்.

யார் எப்பிரிவில் சேர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. திருவுளச்சீட்டுப் போன்ற சமவாய்ப்பு முறையே முடிவு செய்தது. மருத்துவர் தெரிந்தெடுத்தால், உடல் தேறக்கூடியவரை அறிந்தோ அறியாமலோ ஒரு பக்கம் சேர்த்துவிடக்கூடும். பின்னர் காணும் வேறுபாடு சிகிச்சையால் வந்ததா, தெரிவால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. 1959இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ மருத்துவமனையிலிருந்தோரைப் போன்றே குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. படுக்கை கிடைக்காது என்று கைவிடப்பட்டிருந்த ஏழைகளுக்கு இம்முடிவு வாழ்வளித்தது. உலக நாடுகள் பலவும் இவ்வழியைப் பின்பற்றின.

செங்கல்பட்டுச் சோதனை

பி.சி.ஜி. பற்றிய வினாவுக்கு விடை காணும் சோதனை 1968இல் தொடங்கியது. 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 2,81,161 பேருக்குச் சமவாய்ப்பு முறையில் தடுப்பு மருந்தோ, மருந்தற்ற போலி ஊசியோ போடப்பட்டது. எவருக்கு எது போடப்பட்டது என்பது ஊசி ஏற்றவருக்கும் தெரியாது. பின்னர் நோயைக் கண்டறிந்தவருக்கும் தெரியாது. விருப்பு வெறுப்புகள் கணக்கினுள் நுழையாமல் காக்கும் வேலி இது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் அனைவரையும் ஆய்ந்து, பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தனர்.

தொடக்கத்தில் நோய்த்தொற்று இல்லாதிருந்தோர் 1,09,873 பேர். அவர்களுள் 560 பேருக்குப் பதினைந்து ஆண்டுகளில் நுரையீரல் காசநோய் கண்டது. மருந்து பெற்றோரிடையிலும் பெறாதோரிடையிலும் நோய் கண்ட விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து இம்மருந்து காக்கவில்லை. குழந்தைகளிடம் 27 விழுக்காட்டுப் பாதுகாப்புத் தெரிந்தாலும், அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய எல்லைக்குள்ளேயே இருந்தது.

எத்தனை ஆண்டு உழைப்பு! எத்தனை ஊர்களின் ஒத்துழைப்பு! எதிர்பார்த்த விடை கிடைக்கவில்லை. ஆயினும் ஆய்வாளர்கள் அதனை மறைக்கவில்லை; முழு அறிக்கையை 1999இல் வெளியிட்டனர். குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோய் போன்ற கடும் வகைகளை இம்மருந்து தடுப்பதால், பிறந்த குழந்தைக்கு அது இன்றும் போடப்படுகிறது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்ற எல்லைக்கோடு தெளிவானது. அவ்வூர் மக்கள் நீட்டிய கைகளுக்கு ஆய்வுலகம் செலுத்திய நன்றி, உள்ளதை உள்ளவாறு உரைத்ததேயாகும்.

நாணயம் சொல்லும் பாடம்

இரு குழுக்களிடையே வேறுபாடு காணப்பட்டால், அது மருந்தின் ஆற்றலா, தற்செயலா? இவ்வினாவுக்கு விடை தருவது புள்ளியியல். தானாகவே பாதிப்பேருக்குக் குணமாகிவிடும் நோய் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் தம் மருந்தை 20 பேருக்குத் தருகிறார். 12 பேர் குணமடைகின்றனர். மருந்து வென்றது என்று முழங்கலாமா?

ஒரு நாணயத்தை 20 முறை சுண்டிப் பார்க்கலாம். தலை விழுந்தால் குணம். பூ விழுந்தால் இல்லை. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் இவ்வாறு செய்தால், ஏறத்தாழப் பத்துப் பேருக்கு 12 அல்லது அதற்கு மேற்பட்ட தலைகள் விழும். மருந்தே இல்லாமல் நாணயமே இதைச் செய்கிறது! எனவே 12 என்பது சான்றாகாது. 15 பேர் குணமடைந்திருந்தால் கதை வேறு. தற்செயலாக அது நேர்வது நூற்றுக்கு இரண்டு முறையளவே.

நாணயத்தை நோயாளியாகப் பாவித்த இச்செயலே பாவனையாக்கம். மெய்யுலகில் செய்ய இயலாததையும் செய்யத் தகாததையும் போலச் செய்து பார்த்தல் என அதனைக் கூறலாம். 1946இல் நோயுற்று ஓய்விலிருந்த கணித அறிஞர் உலாம், தனியே ஆடும் சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்றார். கணக்கு கடினமானது. பலமுறை ஆடி எண்ணிவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. இவ்வெண்ணத்தை நியூமன் கணிப்பொறிக்கு ஏற்றவாறு விரிவாக்கினார். சூதாட்டத்திற்குப் பெயர்பெற்ற இடத்தின் பெயரால் இது மான்டி கார்லோ முறை எனப்பட்டது. இன்று புயலின் போக்கையும் தொற்றுநோய்ப் பரவலையும் முன்கூட்டியே மதிப்பிடப் பாவனையாக்கம் பயன்படுகிறது.

முத்திரையில் ஒளிந்த ஒழுங்கு

இக்கருவிகள் அறிவியலுக்கு மட்டுமே உரியன அல்ல. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளைக் கணிப்பொறியின் துணையோடு தொகுத்து 1977இல் தொடரடைவாக வெளியிட்டார். எக்குறி எங்கு, எக்குறிக்கு அருகில், எத்தனை முறை வருகிறது என்பதை அது காட்டியது. அத்தரவைக் கொண்டு சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர் உள்ளிட்ட ஆய்வுக்குழு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மகாதேவனும் அக்குழுவில் ஒருவர். ஒரு குறியை அடுத்து எக்குறி வரும் என்பதிலுள்ள உறுதியின்மையை அளந்து, பழந்தமிழ், சுமேரியம் முதலிய மொழிகளோடு ஒப்பிட்டனர். சிந்துவெளிக் குறிகளின் வரிசை மொழிகளின் வரிசையை ஒத்திருந்தது.

இம்முடிவை மறுத்தோரும் உளர். மொழியல்லாத குறிகளிலும் இத்தகைய ஒழுங்கு இருக்கக்கூடும் என்பது அவர் வாதம். எண்கள் ஒழுங்கைக் காட்டும், பொருளைப் படித்துக்காட்டா. அதற்கு மொழியறிவும் தொல்லியல் சான்றும் வேண்டும்.

ஒவ்வொரு கருவிக்கும் எல்லை உண்டு. தொடக்கத்தில் கொண்ட அனுமானம் பிழையானால் பாவனையாக்கம் பிழையையே பெருக்கும். கூறெடுத்தது ஒருதலையானால் புள்ளியியல் வழிதவறும். மனிதரைக் கொண்டு செய்யும் சோதனை, விடை உண்மையிலேயே தெரியாதபோது மட்டுமே அறமாகும். இவ்வெல்லைகளை அறிந்து, வரும் விடை எதுவாயினும் ஏற்கும் உள்ளத்தோடு வினவுபவரே ஆய்வாளர். அவ்வுள்ளம் பட்டம் பெற்றபின் வருவதன்று. வகுப்பறையில் ஒரு நாணயத்தைச் சுண்டி, விழுந்ததை விழுந்தவாறே குறித்துக்கொள்ளும்போது தொடங்குவது.

கற்பவை கற்றபின்

1. வகுப்பிலுள்ள அனைவரும் நாணயத்தை 20 முறை சுண்டி, கிடைத்த தலைகளின் எண்ணிக்கையைப் பட்டியலிட்டு விவாதிக்க.

2. உங்கள் ஊரில் வழங்கும் ஒரு நம்பிக்கையைத் தேர்ந்தெடுத்து, அதனைச் சோதிக்கும் முறையை ஒரு பக்க அளவில் எழுதுக.