பூசான்: அகதிகள் ஏறிய படிகள்

தென் கொரியாவின் இரண்டாவது பெரிய நகரை முதல் முறையாகப் பார்ப்பவர்கள் கடற்கரைக்குத்தான் ஓடுகிறார்கள். நகரத்தின் கதையோ மலைச் சரிவில் இருக்கிறது.

பூசானின் அமிதோங் பகுதி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. ஒரு வீட்டு வாசலோரம் எரிவாயு சிலிண்டர் நிற்கிறது. அது நிற்கும் கல்லைக் குனிந்து பார்த்தால் எழுத்துகள் தெரிகின்றன. செதுக்கியிருப்பது ஒரு ஜப்பானியரின் பெயர். அது கல்லறைக் கல். நாலு எட்டு தள்ளி இன்னொன்று, படியாகக் கிடக்கிறது. மற்றொன்று ஒரு வீட்டின் அஸ்திவாரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறது.

1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட ஜப்பானியர்களின் இடுகாடு இது. ஜூன் 1950இல் வட கொரியப் படைகள் தெற்கே பாய்ந்தபோது கடைசிவரை விழாமல் நின்ற சில இடங்களில் பூசானும் ஒன்று. போர் நடந்த மூன்றாண்டுகளில் பெரும்பகுதி இதுதான் நாட்டின் தற்காலிகத் தலைநகர். உயிர் பிழைத்தவர்களெல்லாம் இங்கே வந்து சேர, மக்கள்தொகை ஏறத்தாழ இரட்டிப்பானது. சமவெளி நிரம்பியதும் மலையில் ஏறினார்கள். மலையில் கல்லறைகள்தான் இருந்தன. அவற்றின் மேலேயே பலகையும் தகரமும் வைத்து வீடு கட்டினார்கள். முகம் தெரியாத அந்த ஜப்பானியர்களுக்கும் பண்டிகை நாளில் ஒரு படையல் வைப்பதைச் சிலர் வழக்கமாக்கிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். ஆண்டவர்கள் மீது கோபம் தீர்ந்திருக்காது. ஆனாலும் இடம் கொடுத்தவர்கள் அல்லவா!

சுற்றுலாக் கையேடுகள் இங்கே தொடங்குவதில்லை. அவற்றின் பூசான், ஹயுண்டே கடற்கரை: வெண்மணல், கண்ணாடிக் கோபுரங்கள், 411 மீட்டர் உயரக் கட்டடம், இரவில் வண்ண விளக்குகளோடு மினுக்கும் குவாங்கன் பாலம். 1996 முதல் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் இந்தப் பகுதிதான் களம். எல்லாம் அழகுதான். ஆனால் இப்படி ஒரு கடற்கரையைப் பயணி வேறு நாடுகளிலும் பார்த்திருப்பார். பூசானுக்கு மட்டுமே உரியதைத் தேடினால் பழைய துறைமுகத்தின் பக்கம் வரவேண்டும்.

அங்கே யோங்தோ பாலம் இருக்கிறது. 1934இல் திறக்கப்பட்டது. கப்பல் போக ஒரு பகுதி மேலே தூக்கிக்கொள்ளும். ராமேஸ்வரம் போனவர்களுக்குப் பாம்பன் நினைவு வரும். போரில் சிதறிய குடும்பங்களுக்கு பூசானில் தெரிந்த ஒரே அடையாளம் இந்தப் பாலம். ‘பிரிந்துவிட்டால் யோங்தோ பாலத்தடியில் சந்திப்போம்’ என்று சொல்லிப் பிரிந்தவர்கள் ஏராளம். அவர்கள் அங்கே நாள்கணக்கில் காத்து நின்றார்கள். பெயர் எழுதிய காகிதங்களை ஒட்டினார்கள். குறி சொல்பவர்கள் பாலத்தடியில் கடை விரித்தார்கள். ‘உயிரோடு இருக்கிறாரா?’ என்ற ஒரே கேள்விக்குத்தான் கூட்டம். 1966இல் பாலத்தைத் தூக்குவது நின்றது. புதுப்பித்த பாலம் 2013 முதல் மீண்டும் தூக்கப்படுகிறது, இப்போது பார்வையாளர்களுக்காக.

பாலத்துக்கு அருகே ஜகல்ச்சி மீன் சந்தை. ரப்பர் பூட்ஸும் மேலங்கியுமாக இங்கே வியாபாரத்தை ஆள்பவர்கள் பெண்கள். போரில் கணவனை இழந்து கூடை தூக்கியவர்களின் வழிவந்த மரபு இது. கீழ்த்தளத்தில் உயிரோடு மீன் வாங்கினால் மாடியில் சமைத்துத் தருவார்கள். சற்றுத் தள்ளி குக்ஜே சந்தை. அகதிகள் கையில் இருந்ததை விற்றுச் சாப்பிட்ட இடம். அதையடுத்த பழைய புத்தகத் தெருவையும், ராணுவ முகாம்களிலிருந்து வந்த பத்திரிகைகளை விற்ற அகதித் தம்பதி ஒன்றுதான் தொடங்கி வைத்தது.

சாப்பாட்டிலும் போர் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஊரில் பழகிய பக்வீட் நூடுல்ஸ் இங்கே கிடைக்கவில்லை. கிடைத்தது அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு. அதில் பிறந்தது மில்ம்யோன், பனிக்குளிர் சாற்றில் மிதக்கும் கோதுமை நூடுல்ஸ். பூசான்வாசிகள் இன்று அதைப் பெருமையோடு பரிமாறுகிறார்கள். சைவர்களுக்குத்தான் சோதனை. சாறு இறைச்சியில் கொதித்தது, கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் அல்லது இறால் ஊறல். புத்த மடங்களின் பாணியில் சமைக்கும் உணவகங்களைத் தேடுவது உத்தமம். அங்கே இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. கி.பி. 678இல் நிறுவப்பட்ட போமோசா கோயில் நகர எல்லைக்குள்ளேயே மலையில் இருக்கிறது.

போய்ச் சேருவது சிரமமில்லை. டெல்லியிலிருந்து சோலுக்கு அருகே உள்ள இன்ச்சோனுக்கு நேரடி விமானம் உண்டு. விசா முன்கூட்டியே வாங்க வேண்டும். சோலிலிருந்து அதிவேக ரயில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பூசானில் இறக்கிவிடுகிறது. மெட்ரோ நிலையப் பலகைகளில் ஆங்கிலம் இருக்கிறது. சந்துகளில் இருக்காது. ஆகவே போகுமுன் கொரிய எழுத்தைக் கற்பது நல்லது. அரசர் செஜோங் 1446இல் அறிவித்த அந்த எழுத்தின் இன்றைய அடிப்படை எழுத்துகள் 24தான். உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரே கட்டமாவது தமிழ் படித்தவருக்கு உடனே பிடிபடும். தெருவில் குழந்தை ‘அப்பா’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாம். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான்.

இந்தியருக்கு பூசானில் இன்னொரு சம்பந்தமும் உண்டு. நவம்பர் 1950இல் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் வந்திறங்கியது இந்தத் துறைமுகத்தில்தான். இந்தியா போருக்குப் படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. மகாவீர் சக்ரா பெற்ற ரங்கராஜின் குழு, சிப்பாய்களோடு பொதுமக்களுக்கும் சிகிச்சை தந்தது. ஐ.நா. நினைவுக் கல்லறையில் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 2,300 பேர் உறங்குகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11 காலை 11 மணிக்கு அவர்களுக்காக ஒரு நிமிட மௌனம்.

கடைசியாக கம்சோன். தோசோங் மெட்ரோ நிலையத்திலிருந்து சிறிய பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என்று அடுக்கடுக்காகக் கொலு வைத்த மாதிரி வீடுகள். இதுவும் 1950களில் ஏழைகள் குடியேறிய சரிவுதான். 2009இல் தொடங்கிய கலைத் திட்டம் அதைப் புகைப்பட மேடையாக்கிவிட்டது. பயணிகள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். பக்கத்துச் சந்துகளில் பூட்டிய வீடுகள். முதியவர்கள் படியேற முடியாமல் தவிக்கிறார்கள், இளைஞர்கள் வேலை தேடி சோலுக்குப் போய்விட்டார்கள். 1990களில் 38 லட்சத்தைத் தாண்டிய நகரின் மக்கள்தொகை இப்போது சுமார் 33 லட்சம். ஒரு காலத்தில் கல்லறை மேல்கூட இடம் போதாத ஊரில் இன்று வீடுகள் ஆளுக்காகக் காத்திருக்கின்றன.

கம்சோன் சந்துகளில் ஓர் அறிவிப்பு அடிக்கடி கண்ணில் படும்: சத்தம் வேண்டாம், இங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள் என்ற பொருளில். முதல் முறை பூசான் போகிறவர் மனதில் வைக்க வேண்டிய விஷயமும் அதுதான்.