ஏற்றத்தில் இருமும் லொறி

பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரம். பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டும். அந்த ஏற்றத்தில்தான் பக்கத்து வீட்டு நானாவின் பழைய பெட்போர்ட் பெற்றோல் லொறி இருமும். காபரேட்டருக்குள் வெடிக்கும், பிறகு நின்றுவிடும். கொழுந்துச் சாக்குகள் நேரத்துக்குத் தொழிற்சாலை போய்ச் சேராவிட்டால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். நஷ்டம் சிறுதோட்டக்காரருக்கு.

உயரம்தான் காரணம் என்றார்கள் பலர். எனக்கு அது சரியாகப் படவில்லை. மேலே போகப்போகக் காற்று மெலியும். கலவையில் பெற்றோலின் பங்கு கூடுமேயன்றிக் குறையாது. இங்கே பிளக்குகள் வெளுத்துக் கிடந்தன. சோக்கை இழுத்தால் இழுவை திரும்பியது. எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை என்பதற்கு இவையே சாட்சி. இப்படியே ஓட்டினால் வால்வு கருகும்.

கராஜ் பாஸ் பம்பில் மானியைப் பூட்டிப் பார்த்தார். அழுத்தம் சரியாகவே இருந்தது. டயபிரம் பம்புக்கு வேண்டியதே சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல்தான்.

"நிக்கிற நேரம் எல்லாப் பம்பும் நல்ல புள்ளதான், மாஸ்டர்" என்றவர், பாரத்தோடு ஓட்டச் சொன்னார்.

ஹாலி எலவைத் தாண்டி லொறி இருமத் தொடங்கியதும் நிறுத்தச் செய்து, இறங்கிப்போய் டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியின் மூச்சுத் துளையை மண் அடைத்திருந்தது. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. பம்பு பாவம், எதை உறிஞ்சும்?

ஓர் ஊசி போதுமாக இருந்தது. புதுப் பம்புக்கென்று நானா வாங்கி வைத்திருந்த கடன் காசு அன்று பின்னேரமே திரும்பிப் போனது.