கூடத்தில் ஒரு கூண்டு

மகனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததும் வீட்டில் வந்த முதல் சண்டை மணியை வைத்துத்தான். மணி, செவலை நாட்டு நாய். ஒரு மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கியது, அப்படியே தங்கிவிட்டது. "தெருவுல பொறந்ததுக்கு ஜெர்மனி எதுக்குடா?" என்று கேட்டவன் நான்தான். பேத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பணம் கட்டினால் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். வெறிநோய் விஷயத்தில் ஐரோப்பாக்காரர்கள் கறார். முதலில் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப். அதன் பிறகே தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. நாங்கள் மாற்றித்தான் செய்திருந்தோம். மறுபடி ஊசி. 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நாய்க்கு முன்னால் நாயின் ரத்தம் விமானம் ஏறியது! எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்கவேண்டும். இருந்தாலும் ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் பொறுக்கவேண்டும். மகன் முன்னே போனான். மருமகளும் பேத்தியும் மணிக்காகத் தங்கினார்கள்.

கூண்டு வந்தது. உள்ளே நாய் தலை இடிக்காமல் நிற்கவேண்டும், திரும்பவேண்டும், காலை நீட்டிப் படுக்கவேண்டும், அதுதான் அளவு. மயக்க மருந்து கொடுத்து அனுப்பிவிடலாமே என்றேன். கால்நடை மருத்துவர் முறைத்தார். "மேல போனப்புறம் மூச்சு குறைஞ்சா யாருங்க பாக்குறது? இப்பவே கூண்டைப் பழக்குங்க." கதவைக் கழற்றிவிட்டு, என் பழைய வேட்டியை விரித்து, கூடத்தில் வைத்தோம். பத்து நாள் மணி அதைச் சுற்றிப்போனான். பிறகு சோற்றுக்காகத் தலையை மட்டும் நீட்டினான். இரண்டாம் மாதம் மத்தியானத் தூக்கமே அதற்குள்தான்.

பேத்திக்கு நாங்கள் என்ன செய்தோம்? பள்ளியில் டி.சி. வாங்கினோம். அவள் சரியாகச் சாப்பிடாதபோது, "சின்னப்புள்ளதானே, போனா பழகிடும்" என்றேன். எழுபது வருடம் வாழ்ந்தவன் சொல்கிற பேச்சா அது?

ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். பேத்தி கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துப் படுத்திருந்தாள். மணியிடம், "பயப்படாதடா, உன் கூண்டும் கூடவே வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "எனக்கு என்ன தாத்தா வரும்?"

மறுநாள் அவளையே பொறுக்கி எடுக்கச் சொன்னேன். தோழி கொடுத்த, மூடி உடைந்த ஜியாமெட்ரி பாக்ஸ், மாடியில் ஆடிய கோலிகளின் டப்பா, ஒரு கூழாங்கல். எடை கூடும் என்றாள் மருமகள். பெட்டியிலிருந்து என் மனைவி இட்ட வடகப் பொட்டலம் இரண்டை வெளியே எடுத்தேன். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

மணி ஜெர்மனிக்குப் போய்விட்டான். அங்கே நாய்க்கு வரி உண்டு; ஊராட்சிக்குக் கட்டுகிறான் மகன். இங்கே தெருவில் சுற்றியவன் அங்கே வரி கட்டும் வீட்டுக்காரனாகிவிட்டான். கூண்டு அவர்கள் கூடத்திலும் கதவில்லாமல் கிடக்கிறது.

போன வாரம் வீடியோவில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, உங்க வேட்டி நாறுதாம், அம்மா துவைக்கலாமான்னு கேக்குறாங்க."

"இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்னு சொல்லு" என்றேன்.