கீரைக்காரன் காலில் குறைந்த சத்து

வேலப்பன்சாவடியில் வயல் என்று சொன்னால் இப்போது சிரிப்பார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி எல்லாம் மனையாகிவிட்டது. மிச்சமிருக்கும் 30 சென்ட்டில் கீரை போடுகிறேன். கறவை மாடு இரண்டு. எனக்குச் சர்க்கரை வந்து 11 வருஷம்.

போன வருஷம் ஆடியில் ஒருநாள் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். "என்னங்க, இன்னொரு செருப்பு எங்கே?" என்று வீட்டுக்காரி கேட்டாள். குனிந்து பார்த்தால் வலதுகால் வெறுங்கால். செருப்பு சேற்றில் போயிருக்கிறது. குதிகாலில் கருவேல முள் முறிந்து நிற்கிறது. வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கால் எரிச்சலும் மரமரப்பும் ஒரு வருஷமாகவே இருந்தது. 'சர்க்கரை என்றால் அப்படித்தான்' என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் விட்டுவிட்டேன். முள்ளை எடுக்கப் போன இடத்தில் டாக்டரம்மா நைலான் நரம்பு மாதிரி ஒன்றைப் பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டார். 10 கிராம் அழுத்தம்தானாம். கட்டைவிரலில் எனக்குத் தெரியவில்லை. பிறகு, "என்ன மாத்திரை, எத்தனை வருஷமா? பால், முட்டை, மீன் உண்டா?" என்றார்.

மாத்திரை மெட்ஃபார்மின். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. நாங்கள் சைவம். சர்க்கரை வந்ததும் பால் காபியையும் விட்டுவிட்டேன், கறப்பதெல்லாம் சங்கத்துக்கு.

ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னார். 148 வந்தது. 200க்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையுமாம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரியவே வருஷக்கணக்காகும். தெரியும்போது சர்க்கரையால் வரும் அதே மரமரப்பு, அதே எரிச்சல். "அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க ஐயா, சர்க்கரை ஏறினா நரம்பு இன்னும் கெடும்" என்றும் சொன்னார்.

கீரையில் எல்லாச் சத்தும் உண்டு என்று சொல்லியே விற்றவன் நான். பி12 மட்டும் கீரையில் இல்லை. எந்தச் செடியும் அதைச் செய்வதில்லை, நுண்ணுயிர்தான் செய்கிறது. ஜீவாமிர்தம் கரைக்கிறவர்களுக்கு இது புரியும். மாட்டுக்குத் தாது உப்புக் கலவை வைக்கிறோமே, அதிலுள்ள கோபால்ட்டை வைத்து மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பி12 செய்கின்றன. அது பாலில் வருகிறது. மாட்டுக்குக் கோபால்ட் வாங்கிப் போட்டுவிட்டு, பால் முழுவதையும் ஊற்றிவிட்டு, நான் கடுங்காப்பி குடித்திருக்கிறேன்.

முதலில் ஊசி, பிறகு மாத்திரை. நாலு மாதத்தில் எரிச்சல் பெரும்பாலும் போனது, ராத்திரி தூங்குகிறேன். கட்டைவிரல் மட்டும் இன்னும் மரம்தான். அது சர்க்கரை செய்த சேதம், வைட்டமின் அதைத் திருப்பித் தராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டு என் சித்தப்பா மகன், "அண்ணே, நானும் ரெண்டு வருஷமா நரம்பு மாத்திரை போடுறேன், ஒண்ணும் கேட்கலையே" என்றான். அவனையும் கூட்டிப்போனேன். மெட்ஃபார்மின் அவனுக்கு இல்லை, முட்டையும் மீனும் தவறாமல் உண்டு, நரம்பு மாத்திரை தொடங்கும் முன்பு எடுத்த ரத்த அறிக்கையில் பி12 நன்றாகவே இருந்திருக்கிறது. குறையாத சத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறான். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்த டாக்டரம்மா, இதில் பி6 அதிகம், அதிக அளவில் நீண்டநாள் சாப்பிட்டால் பி6-ஏ நரம்பைக் கெடுக்கும் என்று நிறுத்தச் சொன்னார். மூன்று மாதச் சர்க்கரை சராசரி அவனுக்கு 10ஐத் தாண்டியிருந்தது. அவன் பார்க்க வேண்டியது அதை. மண்ணைச் சோதிக்காமல் பக்கத்து வயல்காரர் போட்டார் என்று துத்தநாகம் போடுகிற நமக்கு இது புதிதில்லை.

இப்போது படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். வயலில் குதிகால் பட்டை வைத்த செருப்புதான். வீட்டுக்கு அரை லிட்டர் பால் எடுத்து வைத்துவிடுகிறோம். சங்கத்தில், "என்ன, கறவை குறைஞ்சிடுச்சா?" என்று கேட்கிறார்கள்.