சுத்தியல் வேண்டாத எலும்பு

நல்ல முள்ளெலும்புக்குள் ஊசியை இறக்கும்போது சுத்தியல் ஒலி மாறிக்கொண்டே வரும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறோம் என்பதைக் கையும் காதும் சேர்ந்து சொல்லிவிடும். மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் வந்த எலும்பில் அந்தத் துணை கிடைப்பதில்லை. பல நேரம் உள்ளங்கையால் அழுத்தினாலே ஊசி போய்விடுகிறது. மஜ்ஜையில் பெருகும் பிளாஸ்மா செல்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிட்டு, கட்டும் செல்களை முடக்கிவிடுகின்றன. விழுந்த ஓட்டை அடைபடுவதே இல்லை.

முதுகெலும்பு அறுவைப் பயிற்சியில் சார் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கத்தி பிடிக்க அல்ல, ஒரு கேள்வி கேட்க. "தண்டுவடத்த அழுத்துறது கட்டியா, எலும்பா?" மைலோமாக் கட்டி கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும், டெக்சாமெத்தசோன் மருந்தும் சேர்ந்தால், கால் பலம் குறையத் தொடங்கியவர்கள்கூடப் பலர் கத்தி படாமலே தேறுகிறார்கள். உடைந்து பின்னுக்குத் தள்ளிய எலும்புத் துண்டைக் கதிர்வீச்சு கரைக்காது. அப்போதும், முதுகெலும்பு நிலைகுலைந்திருக்கும்போதும்தான் திறக்கிறோம். திருகு பிடிக்க அங்கே உறுதியான எலும்பு இல்லாததால் அதைச் சுற்றிச் சிமெண்ட் செலுத்த வேண்டியிருக்கும். நோய் எதிர்ப்பும் குறைந்த உடல். புண் சீழ் பிடித்தால் கீமோ தள்ளிப்போகும். அதை நினைத்தாலே எனக்குப் பதறும்.

நொறுங்கிய முள்ளெலும்பில் ஊசி வழியாகச் சிமெண்ட் செலுத்துவதே நான் அதிகம் செய்தது. 1984-இல் பிரான்சின் அமியான் நகரில் கலிபெர், டெராமோன் இருவரும் இரத்த நாளக் கட்டி அரித்த கழுத்தெலும்பு ஒன்றில் தொடங்கிய முறை அது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதே பெரிய வேலை. அவசரமாகத் தூக்கினால் விலா எலும்பு முறியலாம். சி-ஆர்ம் எக்ஸ்-ரே திரையில் முள்ளெலும்பின் காம்பான பெடிகிள் நீள்வட்டமாகத் தெரியும். அதன் உள்கோட்டை ஊசிமுனை தாண்டுமுன், பக்கவாட்டுப் படத்தில் முனை முள்ளெலும்பின் உடலுக்குள் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கம் தண்டுவடம்.

பிறகு காத்திருப்பு. சிமெண்ட் நீர்த்திருக்கும்போது தள்ளினால் சிரை வழியே நுரையீரல்வரை போகும். இறுகிவிட்டால் ஊசியிலேயே நின்றுவிடும். பற்பசைப் பதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. படத்தில் சிமெண்ட் பின்சுவரை நெருங்கினால் சார் நிறுத்தச் சொல்வார். "ரொப்ப வேணாம்பா. வலி அடங்கினா போதும்."

சிமெண்டுக்கு முன்னால் அதே ஊசி வழியாக எலும்புத் துளி ஒன்றை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புகிறோம். மூப்பினால் வந்த முறிவு என்று வரும் பெரியவர்களில் சிலருக்கு இந்த நோயின் முதல் அடையாளமே அந்த முறிவுதான். இரத்தச்சோகையும் கிரியேட்டினின் உயர்வும் கூட இருந்தால், இப்போது நானே இரத்தத்தில் புரத எலெக்ட்ரோபோரெசிஸ் பரிசோதனைக்கு எழுதிவிடுகிறேன்.