சீம்பால்

ஒரு மாதம் பால், தயிர், மோர், நெய், முட்டை, மீன், கறி, தேன் எதையும் தொடமாட்டேன் என்று வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் சொன்னேன். அந்த மாதத்தை நான் முடிக்கவில்லை. முடித்துவிட்டதாகச் சொன்னேன். அதற்குக் கிடைத்த பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அதை இனிமேலும் வைத்திருக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

தா.பழூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஜெர்சி கலப்புப் பசு நிற்கிறது. அது அம்மாவின் பசு. காலையிலும் சாயங்காலமும் கறந்து பால் சொசைட்டியில் ஊற்றுவது, புண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் கணக்குப் பார்ப்பது எல்லாம் அவள்தான். 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்ந்தபோது, எங்கள் வீட்டில் அந்தச் செய்தியை அவளைவிட அதிகம் கவனித்தவர் யாரும் இல்லை. என் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போய்விடும் மாதங்களில் மளிகைக்கடைப் பாக்கியைத் தீர்ப்பது அந்தப் பால் பணம்.

அந்தப் பசு முந்தைய ஈற்றில் காளைக்கன்று போட்டது. கலப்பினக் காளைக்கன்றுக்கு எங்கள் பக்கம் வேலை கிடையாது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. ஏர் பூட்டலாம் என்றாலும் திமில் இல்லாத கழுத்தில் நுகத்தடி சரியாகத் தங்காது. சினைக்கு மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டுவிடுகிறார்கள். கன்று குடிக்கிற பாலும் சொசைட்டிக்குப் போகிற பாலும் ஒரே மடியிலிருந்துதான் வரவேண்டும். அதனால் சில வாரங்களில் வியாபாரி வருவார், கன்று போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். கன்று போன பிறகு பசு தீனி எடுக்காமல் வாசல் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த இரவில்தான் பாலை விட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

அதே எண்ணம் இங்கிலாந்தில் 1944-இல் டொனால்ட் வாட்சனுக்கும் அவரது நண்பர்களுக்கும் வந்திருக்கிறது. கறியை மட்டும் விட்டுவிட்டுப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தால் கொலையிலிருந்து விலகியதாக ஆகாது என்று சொல்லி அவர்கள், விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாதவர்களுக்கான வீகன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த வாதத்தில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஜனவரி மாதம் முழுவதும் வீகனாக இருந்து பார்க்கும் பழக்கமும் 2014-இல் அந்த நாட்டில் தொடங்கியதுதான். நானும் ஜனவரியைத் தேர்ந்துகொண்டேன். தைப்பொங்கல் நடுவில் வரும் என்பது தெரிந்தே, அதைத் தாண்டிக் காட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்ற ஆசையில் தேர்ந்துகொண்டேன்.

கறியும் மீனும் எனக்குக் கஷ்டமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அணைக்கரையிலிருந்து ஆற்றுமீன் வாங்கி வந்து குழம்பு கொதித்தபோதும் மனம் அலையவில்லை. நம் சமையலில் பாதிக்குமேல் ஏற்கெனவே வீகன்தானே. இட்லி, தோசை, சாம்பார், ரசம், புளிக்குழம்பு, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், எள்ளுருண்டை, கடலைமிட்டாய் என்று எதிலும் மாட்டின் பங்கு இல்லை. டீக்கடையில் வரக்காப்பி கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சத்துக்குக்கூடப் பாலைத் தேடவேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் அதே அளவு பசும்பாலில் இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கால்சியம் இருக்கிறது. நான் அறிவியல் ஆசிரியர். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன்.

என்னை அடித்தது மோர். கேழ்வரகுக் கூழை மோர் ஊற்றாமல், உப்பும் வெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடிக்க முடிந்தது, ஆனால் குடித்த திருப்தி வரவில்லை. மதியச் சோற்றின் கடைசிப் பிடியில் தயிர் இல்லாமல் கை கழுவ மனம் வரவில்லை. இதைப் பார்த்துவிட்டு என் மனைவி வேர்க்கடலைத் தயிர் செய்யக் கற்றுக்கொண்டாள். கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி, அரைத்து, துணியில் வடிகட்டி, காய்ச்சி, வெதுவெதுப்பில் மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைக்க வேண்டும். காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைக்கும். வீட்டில் மற்றவர்களுக்குச் சமைத்து முடித்த பிறகு எனக்காகத் தனியாக இந்த வேலை. அதன் வாடை எனக்குப் பிடிக்கவில்லை.

“ஏங்க, கடலைத் தயிர் எப்படி இருந்துச்சு?” என்றாள்.

“நல்லா இருந்துச்சு.”

நான் அதைக் கொல்லைப்பக்கம் எடுத்துப்போய்க் கழுநீர்த் தொட்டியில் ஊற்றியிருந்தேன். மறுநாளும் அவள் அரைத்தாள். மறுநாளும் ஊற்றினேன். பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த அலுப்பு மிச்சமாகியிருக்கும். சொன்னால் என் உறுதி ஆட்டம் காண்கிறது என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று சொல்லவில்லை. என்னுடைய விரதத்தின் வேலை முழுவதும் அவள் தலையில் இருந்தது. அதற்கான பெயர் முழுவதும் எனக்கு வந்தது.

பொங்கலன்று பால் பொங்கிய பானையிலிருந்து எனக்கு எடுத்துவைக்க வேண்டாம் என்றேன். தனிப்பானையில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பொங்கியதைச் சாப்பிட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் ஆசிரியர் அறையில் அதைப்பற்றிப் பேசினேன். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது, எங்கள் பக்கத்திலிருந்து வடலூருக்குப் போகிறவர்கள் உண்டு. வள்ளலார் 1867-இல் தருமசாலை தொடங்கியதையும் ஜீவகாருண்யத்தையும் கன்று போன இரவையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த இளம் ஆசிரியை ஒருவர், “நானும் இந்த மாசம் முடியிற வரைக்கும் விட்டுப் பாக்குறேன் சார்” என்றார்.

அந்த வாரத்திலேயே பசு ஈன்றது. மறுபடியும் காளைக்கன்று. நஞ்சுக்கொடி விழுந்ததும் அம்மா அதை வைக்கோலில் சுற்றிக் கொடுக்க, நான்தான் எடுத்துப்போய் ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது அம்மா சீம்பால் கறந்துகொண்டிருந்தாள். மஞ்சளாக, கெட்டியாக, செம்பில் விழும்போது நுரைக்காமல் விழுந்தது.

சீம்பால் என்ன என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். மாட்டின் வயிற்றில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. பிறந்த பிறகு சீம்பால் வழியாகத்தான் சேரவேண்டும். முதல் சில மணி நேரத்தில் கன்றின் குடல் அதை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும், ஒரு நாள் கழிந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்காவது அது குடித்தாக வேண்டும். கன்று குடித்ததுபோக மிச்சத்தைத்தான் கறக்கிறோம் என்பாள் அம்மா. அவள் அதில் நியாயமானவள்தான். ஆனால் விற்கப்போகிற கன்றுக்கு மிச்சத்தை யார் அளந்து பார்க்கிறார்கள்? நான் அளக்கவில்லை.

வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் நசுக்கிச் சேர்த்து, இட்லிப் பானையில் அவித்தாள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்தில் போனது. “ஒனக்கு வேணாம்ல தம்பி?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்றேன். எல்லோரும் படுத்த பிறகு அடுப்படிக்குப் போனேன். தட்டால் மூடிவைத்திருந்த தூக்குவாளியைத் திறந்து, விளக்குப் போடாமல், கையாலேயே எடுத்துத் தின்றேன். பசியில்லை. சின்ன வயதிலிருந்து நாக்கில் இருக்கிற ருசி அது. அதற்காகத் தின்றேன். முதல் துண்டோடு நிறுத்தவும் இல்லை. அடிவரை வழித்துவிட்டு, பூனை தள்ளிவிட்டதுபோல் தட்டைக் கீழே போட்டுவைத்தேன். மறுநாள் காலையில் அம்மா பூனையைத் திட்டினாள்.

அதன்பிறகு மாதம் முடியும்வரை எல்லோர் முன்னாலும் வரக்காப்பி, தனியாக இருக்கும்போது தயிர் என்று ஓடியது. மாதம் முடிந்ததும் ஆசிரியர் அறையில் மீண்டும் பால் டீ குடிக்கத் தொடங்கினேன். கேட்டவர்களிடம் பி12 சத்துக் குறைவு, உடம்பு தாங்கவில்லை என்றேன். அது பொய் என்பது மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். செடிகொடிகளிலிருந்து பி12 கிடைக்காது என்பது உண்மை, நீண்டகாலம் வீகனாக இருப்பவர்கள் மாத்திரையாக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நாளொன்றுக்கு நமக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். கல்லீரலில் அது வருடக்கணக்குக்குச் சேர்ந்திருக்கும். ஒரு மாதத்தில் யாருக்கும் தீர்ந்துபோகாது.

மனதுக்குள் காந்தியையும் துணைக்கு அழைத்தேன். அவர் 1912-இல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். கடைசிச் சொட்டுவரை கறப்பதற்காகக் கல்கத்தாவில் மாடுகளுக்குச் செய்த சித்திரவதையைப் பற்றி அறிந்ததும் அதற்கொரு காரணம். 1918-இல் கடும் வயிற்றுக்கடுப்பில் சாகும் நிலைக்குப் போய், பிறகு ஆட்டுப்பாலைக் குடித்துத் தேறினார். அவரே விரதத்தை விட்டார், நான் எம்மாத்திரம் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் விரதத்தின் எழுத்தை மட்டுமே காப்பாற்றினேன், அதன் உயிரைக் காப்பாற்றவில்லை என்ற பொருளில் தன் சுயசரிதையில் அவரே எழுதி ஊரறியச் செய்திருக்கிறார். அவருக்கு நோய் இருந்தது, எனக்கு ஆசை இருந்தது. அவர் மறைக்கவில்லை, நான் பூனையின்மேல் போட்டேன்.

அந்தக் கன்றையும் வியாபாரி வந்து வாங்கிப்போனார். கயிற்றை அவிழ்த்து, முட்டிபோட்டு அடம்பிடித்ததைப் பின்னாலிருந்து தள்ளி வண்டியில் ஏற்றியது நான். அம்மாவுக்கு அன்று இடுப்பு வலி. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். வளர்ப்பதற்கு ஆகும் செலவை என் சம்பளத்திலிருந்து கொடுக்கிறேன் என்றாவது பேசிப் பார்த்திருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. இரவில் பசு கத்தியபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். சீம்பால் தின்றதைவிட இதைத்தான் பெரிய குற்றமாக நினைக்கிறேன். முதல் கன்றுக்கு எனக்கு வந்த தூக்கமின்மைகூட இந்தக் கன்றுக்கு வரவில்லை.

மனைவியிடம் கடலைத் தயிர் விஷயத்தைச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அரைக்கும்போது கை எவ்வளவு எரியும் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள். அந்த இளம் ஆசிரியையிடமும் சொல்லிவிட்டேன். அவர் சொன்னபடி மாதத்தை முடித்தவர், இன்றும் பால் சேர்ப்பதில்லை. “நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் விட்டேன் சார், நீங்க சொன்னது தப்பில்லையே” என்றார். அம்மாவிடம் பூனையைப் பற்றி இனிதான் சொல்லவேண்டும்.

இப்போது நான் பால் குடிக்கிறேன். சத்துக் காரணம் யாரிடமும் சொல்வதில்லை. அடுத்த சினைக்குக் கிடேரிக்கன்று மட்டும் பிறப்பதற்கான ஊசி போடலாம் என்று மாட்டாஸ்பத்திரியில் விசாரித்திருக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரியாக இருக்கும் என்கிறார்கள். மீதிப் பத்தில் ஒன்று எங்கள் கொட்டகையில் பிறந்தால் அதை விற்கக்கூடாது என்று அம்மாவிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன். தீனிக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டாள். நான் கொடுக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை.